உச்சிக்காட்டுக்கு வழி இருக்கு

தங்கபுஷ்பத்தின் கடையில் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று மலை முழுக்கப் பேர். அந்தப் பேர் எப்படி வந்தது என்பது தங்கபுஷ்பத்துக்கும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் நாகூர்கனிக்கும், ஓரளவு ஆண்டவனுக்கும் தெரியும்.

அன்று காலை மழை சற்று ஓய்ந்த நேரத்தில் ஜீப் ஓட்டும் வீரணன் வந்து, "அக்கா, நைலான் கயிறு பத்து முழம்" என்றான். கடையில் ஒரு முழம்கூடக் கிடையாது. அவள் முகத்தில் அதற்கான அடையாளமும் கிடையாது.

"தடிமனா, மெலிசா?"

"தடிமன். தார்ப்பாய் கட்டணும்."

"நீலமா, வெள்ளையா?"

"கட்டுனா நிக்கணும்க்கா. கலரைப் பாத்து கல்யாணமா பண்ணப் போறேன்?"

"சொல்லுய்யா, ரெண்டும் இருக்கு."

"நீலம்."

"நல்லவேளை, நீலந்தான் புதுச்சரக்கு. குடோன்ல கெடக்கு, எடுத்தாரச் சொல்றேன். உக்காரு, டீ குடி."

இத்தனை கேள்விகளுக்கும் நடுவே கல்லாவுக்குக் கீழே இருந்த பெட்டியில் அவள் விரல்கள் தட்டிய ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. குடோன் என்று அவள் சொன்னது தொட்டிப்பாறையில் இருக்கும் நாகூர்கனி பாயின் கடையை. பாயும் இதே போல் எத்தனையோ முறை இவள் கடையைத் தன் குடோன் ஆக்கியிருக்கிறார். ஆர்டரில் கேட்டவர் பேர் வராது. இன்ன கடையில் இன்ன சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்பதால் வியாபாரிகள் சங்கம் செய்து வைத்த ஏற்பாடு அது.

சரக்கைச் சுமந்து வருவது கொக்கு. வருஷத்தில் பாதி நாள் மலைப்பாதை மண்ணுக்கடியில் கிடக்கத் தொடங்கியதும், செல்போன் கோபுரங்களை நிமிர்த்தி நிமிர்த்தி அலுத்துப்போய் கம்பெனிக்காரர்கள் இறங்கிப்போனதும், சங்கம் கைக்காசு போட்டு வாங்கிய ஆளில்லா விமானங்கள் அவை. நீண்ட கால்களைப் பார்த்து மக்கள் கொக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு மூச்சில் அடுத்த கடை மாடிவரைக்கும்தான் அதனால் பறக்க முடியும். மாடித் தட்டில் இறங்கும், தானே மின்கலம் மாற்றிக்கொள்ளும், அடுத்த மாடிக்குத் தாவும்.

எந்த மாடிக்கு என்று சொல்வது கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கும் இந்த இன்னொரு பெட்டி. மலை முழுவதன் வரைபடமும் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பக்கத்துக் கடைகள்தான். "இன்ன ஊருக்கு என் வழியா இத்தனை தாவு" என்று பக்கத்துப் பெட்டி சொல்லும். இது அதில் ஒன்றைக் கூட்டி அடுத்த பக்கத்துக்குச் சொல்லும். இரண்டு பேர் சொன்னால், குறைந்த எண்ணைச் சொன்னவனை நம்பும். சந்தையில் விலை விசாரிக்கிற அதே முறைதான். அதனாலேயே வியாபாரிகளுக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

பிடிக்காமல் போனது ஒரே ஒரு விஷயம். பெட்டிகளைப் பொருத்த வந்தவள் பிரிசில்லா. கீழே கானல்பட்டி சங்க ஆபீஸில் இன்ஜினியர். கூட்டத்தில் அவள் பொறுமையாக விளக்கினாள்:

"ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியை 'இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். மூணு தடவை பதில் வரலைன்னா, அந்த வழி போச்சுன்னு எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் 'இல்லை'ன்னு சொல்லிரும்."

கூட்டம் நெளிந்தது. முன்வரிசையில் இருந்த தங்கபுஷ்பம்தான் எழுந்தாள்.

"என்னன்னு சொல்லும்?"

"இல்லைன்னு."

"என் கடையில உக்காந்துக்கிட்டா?"

பிரிசில்லா வெளியூர்க்காரி. இந்த மலை வியாபாரிகள் வாயில் அந்தச் சொல் வராது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்பார்கள். கடையைப் பூட்டினால் "எடுத்து வச்சாச்சு". விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். சரக்கு தீர்ந்து போனால் "வந்துக்கிட்டிருக்கு". இந்த ஒரு சொல்லைச் சொன்ன வாசலிலிருந்து லட்சுமி இறங்கி எதிர்க்கடைக்கு நடந்துவிடுவாள் என்பது தங்கபுஷ்பத்தின் நம்பிக்கை. நாகூர்கனிக்கு லட்சுமியைப் பற்றிக் கருத்து எதுவும் கிடையாது. எதிர்க்கடையைப் பற்றி உண்டு. தங்கபுஷ்பத்தின் ஒரே மகள் தமயந்தி, அரைப்பாவாடை கட்டிய வயதில், கல்லாவில் நின்று ஒருவரிடம் "சீனி இல்லை" என்று சொன்னதற்காக உதட்டிலேயே சுண்டு வாங்கியிருக்கிறாள்.

ஆகவே பேரம் தொடங்கியது. பெட்டி அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. வழி போனால் பக்கத்துக் கடையில் விசாரித்து, அங்கே என்ன எண் இருக்கிறதோ அதை வாங்கிச் சொல்ல வேண்டும். அதோடு, ஒருவரிடம் வாங்கின தகவலை அவருக்கே திருப்பிச் சொல்லாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாளாம் பிரிசில்லா. அதையும் எடுக்கச் சொன்னார்கள். தன்னிடம் இருப்பதை எல்லாரிடமும் கூவாத கடை என்ன கடை?

"அது ஆபத்துங்க" என்றாள் பிரிசில்லா.

"எல்லா வியாபாரமும் ஆபத்துத்தாம்மா" என்றார் நாகூர்கனி. கூட்டம் சிரித்தது.

கடைசியில் அவள் இறங்கிவந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "பெட்டி சொல்லாது. ஆனா தேவைப்பட்டா கடைக்காரர் தன் வாயால சொல்லலாம். ஊர்ப் பேரைச் சொல்லி, இல்லைன்னு. சொன்னா பெட்டி ஏத்துக்கும்." அதற்கென்ன, சும்மா கிடைத்த சலுகை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் சொல்லப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

இதெல்லாம் நடந்து நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது.

வீரணன் கயிறு கேட்டு வந்த அன்று, விடிவதற்குச் சற்றுமுன், மேலே எங்கோ மலை இருமுகிற மாதிரி மண் சரியும் சத்தம். தங்கபுஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். மேலே இருப்பது உச்சிக்காடு. ஏலத்தோட்டத்து ஆட்கள் இருக்கும் சின்ன ஊர். அங்கே அவளுடைய கிளைக்கடை. கிளைக்கடையில் தமயந்தி. இந்த மந்தைமேட்டிலிருந்து ஒரே தாவு.

ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். உச்சிக்காடு என்ற பேருக்கு எதிரே ஒன்று என்று இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றானது. மார்பில் கைவைத்து மூச்சு விட்டாள். வழி கொஞ்சம் சுற்றுகிறது, அவ்வளவுதான். வழி இருக்கிறது. பாய் கடை வழியாகப் போகிறது போல.

தமயந்திக்குப் பத்து வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் போட்டால்தான் நாள் ஓடும். கையிருப்பு இன்று இரவுக்குமேல் தாங்காது என்று நேற்றே பேசியிருந்தாள். கானல்பட்டி மருந்துக்கடையிலிருந்து மருந்துக் கொக்கு காலையிலேயே கிளம்பிவிட்டது. வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை, வயிற்றில் ஐஸ் வைத்துப் பூட்டிய டப்பா. போய்ச்சேர வேண்டியவர் விரல் பட்டால்தான் திறக்கும். தங்கபுஷ்பத்தின் மாடியில் இறங்கி, மின்கலம் மாற்றி, தொட்டிப்பாறைப் பக்கம் பறந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்துவிட்டு நிம்மதியாகக் கடையைத் திறந்தாள். அப்போதுதான் வீரணன் கயிறு கேட்டு வந்தது.

இரண்டாவது டீ முடிகிற நேரம், மாடியில் கொக்கு இறங்கும் சத்தம்.

"அக்கா, கயிறு வந்துருச்சு" என்று எழுந்தான் வீரணன். வெளியே போய் அண்ணாந்து பார்த்தவன், "கயிறு மாதிரித் தெரியலையே. செவப்புப் பட்டை போட்டிருக்கு" என்றான்.

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். காலையில் போன அதே மருந்துக் கொக்கு. மின்கலம் மாற்றிக்கொண்டது, கால்களை மடக்கியது, மறுபடி தொட்டிப்பாறைப் பக்கமே பறந்தது.

உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தாள். உச்சிக்காடு: ஏழு.

தாவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. எண் ஏறினால் கூலி ஏறும். காலையில் மூன்றாக இருந்தது, மண் சரிந்தது என்றதும் ஏழாகிவிட்டால் ஒரு வியாபாரிக்கு முதலில் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது. பேசும் குழாயை எடுத்தாள். பக்கத்துக் கடையோடு பெட்டி வழியாகவே பேசலாம்.

"பாய், இருக்கீகளா?"

"எங்க போகப்போறேன், சொல்லு தங்கச்சி."

"உச்சிக்காட்டுக்கு ஏழாமே. மண்ணு சரிஞ்சா வழி நீளுமா, உங்க கூலி நீளுமா?"

"யா அல்லா! நான் எங்கம்மா ஏத்துனேன்? உன் பெட்டி அஞ்சுன்னுச்சு. நான் என் பங்குக்கு ஒண்ணு சேத்து ஆறுன்னேன். நீ அதுல ஒண்ணு சேத்து ஏழுங்கிற. இந்தா, இப்ப எனக்கு எட்டு காட்டுது. ஏத்துறது நீயி, பழி எனக்கா?"

"நானா? நான் உங்களைப் பாத்துத்தானே சொன்னேன்?"

"நான் உன்னைப் பாத்துச் சொன்னேன்."

அடுத்தவர் எதையோ மறைக்கிறார் என்று இருவரும் நினைத்தார்கள். அதை மரியாதையாகக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தொழில்தான்.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார் நாகூர்கனி. "ஒரு சின்ன வியாபாரம். நைலான் கயிறு வச்சிருக்கியா? நீலம். தடிமன். பத்து முழம். கிராக்கி அவசரமாக் கேக்குது."

தங்கபுஷ்பம் திரும்பி வீரணனைப் பார்த்தாள். அவன் காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பாய், அந்தக் கிராக்கி என் கடையில உக்காந்து ரெண்டு டீ குடிச்சிருச்சு."

"ஏ?"

"ஆர்டர் போட்டது நானு."

நாகூர்கனி சிரிக்கத் தொடங்கினார். அவருடைய சிரிப்பு இருமலில் முடியும். அவளும் சிரித்தாள். "அது சரி!" என்றார் பாய். "நீ என்கிட்ட வாங்கி அவன்கிட்ட விக்க, நான் உன்கிட்ட வாங்கி உன்கிட்ட விக்க... ரெண்டு பேரும் கமிஷன் பாத்திருப்போம்டி ஆத்தா!"

"ஆமா பாய். கயிறுதான்..."

நிறுத்திவிட்டாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்த கோலமாவுக் கிண்ணம் மாதிரி.

"பாய், அப்ப கயிறு எங்க இருக்கு?"

அவருடைய இருமல் நின்றது.

"பாய், அப்ப உச்சிக்காடு எங்க இருக்கு?"

அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி வரும் செருப்புச் சத்தம் குழாயில் கேட்டது. பிறகு மெதுவாக, "தங்கச்சி, மருந்துக் கொக்கு இப்ப என் மாடியில எறங்குது. உன் பக்கம் திரும்பி நிக்குது" என்றார்.

ஏலக்காய் மண்டியில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு தரகர்கள், கையில் ஒரு காய்கூட இல்லாமல், ஒருவருக்கொருவர் நூறு மூட்டை விற்று விலையை ஏற்றிக்கொண்டே போவதை அவள் பார்த்திருக்கிறாள். செய்தும் இருக்கிறாள். அந்த நூறு மூட்டையில் பெற்ற பிள்ளையை வைத்துப் பார்த்ததில்லை.

கானல்பட்டியும் பக்கத்துப் பெட்டிதான். பிரிசில்லாவைக் கூப்பிட்டாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சாவித்தட்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, உச்சிக்காட்டுப் பெட்டி விடியக்காலையிலேயே உங்களுக்குப் பதில் சொல்றதை நிறுத்திருச்சு. உங்க பெட்டி பாய்கிட்டக் கேட்டிருக்கு. பாய் பெட்டிகிட்ட 'ரெண்டு'ன்னு ஒரு பழைய கணக்கு இருந்துச்சு. அது உங்க வழியாப் போற கணக்குத்தான். உங்க சரக்கை உங்களுக்கே வித்திருக்கு. அதுலேருந்து ரெண்டும் மாத்தி மாத்தி ஒண்ணு ஒண்ணாக் கூட்டிக்கிட்டிருக்கு."

"எதுவரைக்கும் கூட்டும்?"

"பதினாறு. பதினாறு வந்துட்டா, இது வழியே கிடையாதுன்னு பெட்டியே முடிவு பண்ணிரும்."

"நம்மாளுகளும் பதினாறாம் நாள்தான் காரியம் பண்ணி முடிவு கட்டுறோம்" என்றாள் தங்கபுஷ்பம், தனக்குத்தானே. "அதுவரைக்கும் ஐஸ் தாங்குமா?"

"தாங்காதுக்கா. இருங்க, இன்னொண்ணும் சொல்றேன். மீட்புக்காரங்க காலையிலேருந்து இங்கதான் நிக்கிறாங்க. எந்தெந்த ஊருக்கு வழி போச்சுன்னு நம்ம பெட்டியைப் பாத்துத்தான் ஆள் அனுப்புறாங்க. உச்சிக்காட்டுக்கு வழி இருக்குன்னு காட்டுது. அதனால அந்தப் பக்கம் யாரும் கிளம்பலை."

தங்கபுஷ்பம் குழாயை மறுகைக்கு மாற்றினாள்.

"வேற வழியே... வேற வழி ஏதாச்சும் இருக்குமா?"

"இருக்கலாம். பாய் கடைக்கு அந்தாண்ட, கேரளா எல்லைப் பக்கமாச் சுத்திக்கிட்டு வந்தா ஒண்ணு இருக்கலாம். ஆனா அது நீளமா இருக்கும். பத்துக்கு மேல. நம்ம பெட்டிங்க குறைஞ்ச எண்ணைத்தானே நம்பும்? உங்க பொய் மலிவா இருக்கிறவரைக்கும் நிஜத்தை யாரும் வாங்க மாட்டாங்க." பொய் என்று சொல்லிவிட்டதற்காக அவள் கொஞ்சம் தயங்கினாள். "மன்னிச்சுக்கங்க அக்கா. நீங்க சொல்லிருங்க. உங்க வாயால."

"சொன்னா?"

"சொன்னா ஒரு நிமிஷத்துல மலை பூரா அந்தச் சேதி போயிரும். அப்புறம் கொஞ்ச நேரம் எந்தப் பெட்டியும் உச்சிக்காட்டைப் பத்தி யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காது. பழைய பொய் எங்கேயாவது சுத்திக்கிட்டிருந்தா அது அடங்கணும்ல? அதுவரைக்கும் காத்திருப்பு. அதுக்கப்புறம் நிஜமாவே ஒருத்தருக்கு வழி தெரிஞ்சா, அவங்க சொல்றது காதுல விழும்."

"தெரியாட்டி?"

பிரிசில்லா நேர்மையான பெண். ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

தங்கபுஷ்பம் குழாயைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாள். வீரணன் எழுந்து நின்றான். பாயும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உச்சிக்காடு..." என்றாள். தொண்டையைச் செருமினாள். "உச்சிக்காட்டு வழி நிறைஞ்சிருக்கு."

பெட்டி சொன்னது: "புரியவில்லை. மறுபடி சொல்லவும்."

"உச்சிக்காட்டை எடுத்து வச்சாச்சு."

"புரியவில்லை. மறுபடி சொல்லவும்."

"உச்சிக்காடு குளிர்ந்து..." என்று தொடங்கியவள் அந்தச் சொல்லின் குளிர் தன் உடம்பில் பட்டதும் நிறுத்தினாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. உச்சிக்காடு என்றால் அவளுக்கு ஊர் இல்லை. கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளரை அம்மாவைவிட நன்றாக ஏமாற்றும் ஒரு பெண். அந்தப் பேருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்கச் சொல்கிறார்கள்.

"தங்கச்சி," என்றது குழாய், "நீ சொன்னா நானும் கூடவே சொல்லிர்றேன். லட்சுமி போனா ரெண்டு கடையிலேருந்தும் சேந்தே போகட்டும். நடுவுல எங்க போய் நிக்கிறான்னு பாப்போம்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பில் நாக்கு கொஞ்சம் இளகியபோது சொல்லிவிட்டாள்.

"உச்சிக்காடு இல்லை."

பெட்டி மறுபடி சொல்லச் சொல்லவில்லை. உச்சிக்காட்டுக்கு எதிரே இருந்த எண் அழிந்தது. அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி நின்றது. காத்திருப்பு.

கொக்கு பாயின் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டது. போக இடம் சொல்ல ஆள் இல்லாததால் கால் மடக்கி அமர்ந்தது. நாகூர்கனி தன் மீன் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் மாடிக்கு ஏற்றி, டப்பாவைச் சுற்றிக் கொட்டி, மேலே ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு வந்து சொன்னார்: "மருந்துல மத்தி வாசம் அடிச்சா என்னைக் கேக்கக் கூடாது."

கடைக்கு நாலு பேர் வந்தார்கள். உப்பு, சோப்பு, வெற்றிலை. தங்கபுஷ்பம் எடுத்துக் கொடுத்தாள். பேரம் பேசாமல் கேட்ட விலைக்குக் கொடுத்ததைப் பார்த்து, வெற்றிலை வாங்கின கிழவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீரணன் போகவில்லை. கயிற்றுக்காக நிற்கிறானா, இவளுக்காக நிற்கிறானா என்பதை அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. வெளியே மேகம் சரிவில் இறங்கி, எதிர்மலையை மூடி, மறுபடி விலகியது.

மஞ்சள் புள்ளி போனது. அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறுமையாகவே இருந்தது.

பிறகு குழாய் கரகரத்தது. "தங்கச்சி! பன்னெண்டு! எனக்குப் பன்னெண்டுன்னு வருது!"

அவள் துள்ளவில்லை. குரலை இறக்கி, சாம்பிள் ஏலக்காயைக் கையில் உருட்டிப் பார்க்கிற தொனியில் கேட்டாள்: "யாருகிட்ட வாங்குனீக?"

"ஆனைக்கல் டீக்கடை சாக்கோ சொல்றான்."

"சாக்கோ யாருகிட்ட வாங்குனாப்ல? கேளுங்க. அந்தாளு யாருகிட்ட வாங்குனார்னும் கேளுங்க. என்கிட்ட வாங்குனது ஒரு சொட்டுக்கூட அதுல கலந்திருக்கக் கூடாது பாய்."

நாகூர்கனி கேட்டார். சாக்கோ தனக்கு அடுத்தவனைக் கேட்டான். எல்லைக்கு அப்பால் மலையாளமும் தமிழும் கலந்து, கேள்வி கடை கடையாக ஏறிப் போனது. பதில் அதே வழியில் இறங்கி வந்தது.

"கடைசி ஆளு வேற யாருகிட்டயும் வாங்கலையாம்" என்றார் நாகூர்கனி. இப்போது அவர் குரல் சரியாக இல்லை. "உச்சிக்காட்டுப் பெட்டியே நேராச் சொல்லிருக்கு. கொக்கு கெளம்பிருச்சு. சாக்கைக்கூட எடுக்க விடலை, தூக்கிக்கிட்டே பறக்குது."

தங்கபுஷ்பம் மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

மகளின் குரல் வந்துசேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அத்தனை தாவு தாண்டி வருவதால் ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது.

"அம்மா, மருந்து வந்துருச்சு. போட்டுக்கிட்டேன். ஏம்மா மீன் நாத்தம் அடிக்குது?"

"அதை பாய்கிட்டக் கேளு. நீ எப்படியிருக்க? கடை?"

"பின்பக்கச் சுவர் போச்சு. ஆளுக எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம். ரெண்டு பேருக்குக் கால்ல அடி. மீட்புக்காரங்க கெளம்பிட்டதா இப்பத்தான் சேதி வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "காலையிலேயே வருவாங்கன்னு பாத்தோம்" என்றாள்.

தங்கபுஷ்பத்தை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது.

"கேரளாப் பக்கம் உனக்கு எப்படி வழி கெடைச்சுச்சு? உன் சிக்னல் தட்டு இந்தப் பக்கம் பாத்துல்ல வச்சது?"

"திருப்பி வச்சோம். நானும் நாலு பேரும்."

"எப்ப?"

"விடிஞ்சதும். பெட்டி திருப்ப விடலைம்மா. மந்தைமேடு இருக்கு இருக்குன்னு உன் பக்கமே பாத்துக்கிட்டு நின்னுச்சு." அடுத்த வாக்கியத்துக்குமுன் இடைவெளி வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பதின்மூன்று தாவின் தாமதமா, பதினான்காவதாக ஏதாவதா என்று தெரியவில்லை. "அதனால சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"மந்தைமேடு இல்லைன்னு."

வீரணன் வேறு பக்கம் பார்த்தான்.

"எப்ப சொன்ன?"

"மண்ணு சரிஞ்ச சத்தம் அடங்குனதும்."

"உடனேயா?"

"உடனே."

"யோசிக்கக்கூட..."

"யோசிச்சுக்கிட்டு நின்னா மருந்து வருமா? நீ சுண்டுன எடம் லேசா வலிச்சுச்சு. அவ்வளவுதான்." பிறகு, இறங்கிய குரலில்: "நீ சொல்றதுக்கு மத்தியானம் ஆயிருச்சாமே. பாய் சொன்னாரு. அதுவரைக்கும் எங்க குரலு கீழே ஒரு பெட்டி காதுலயும் விழலைம்மா. கத்திக்கிட்டே இருந்தோம்."

தங்கபுஷ்பம் குழாயை மடியில் வைத்துக்கொண்டாள். அரை நாள். அவள் மகளைக் கைவிடாமல் வைத்திருந்த அரை நாளில் மகள் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் இவளைக் கைவிட்ட ஒரு நிமிஷத்தில் வழி திறந்திருக்கிறது. வருத்தப்படலாமா, பெருமைப்படலாமா என்று எடைபோட்டுப் பார்த்தாள். தட்டு ஒரு பக்கமும் சாயவில்லை.

"சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

குழாயைத் தொங்கவிட்டு நிமிர்ந்தபோது வீரணன் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். நாள் முழுக்க நின்றவன். தோளில் துண்டு, கையில் ஜீப் சாவி.

"அப்ப நான் வர்றேன்க்கா. இருட்டுறதுக்குள்ள தார்ப்பாயைக் கட்டணும். அந்தக் கயிறு..."

அவள் வாய் பழக்கத்தில் "வந்துக்கிட்டிருக்கு" என்று குவிந்தது. குவிந்தபடியே நின்றது.

"வீரணா," என்றாள், "கயிறு இல்லை. பாய் கடையிலயும் இல்லை. பேசாம கானல்பட்டிக்குச் சொல்லிவிடு."

வீரணன் அவளையே பார்த்தான். சாவி கையிலேயே நின்றது. தோளிலிருந்த துண்டை, துக்க வீட்டு வாசலில் செய்வது போல, மெதுவாக இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அக்கா... யாருக்கு என்ன ஆச்சு?"